அவரவருக்கு ஓர் ஓமர்



இந்த வாரத் தியானத்தின் பொருளைச் சொன்னால் உங்களில் சிலர் புன்னகை செய்வீர்கள். அட்டைப்பெட்டியில் வரும் இனிப்புச் சீரியலைப் பற்றி எழுதப்போகிறேன். சர்க்கரை பூசிய கார்ன்ஃப்ளேக்ஸ், சாக்கோஸ், தேன் சேர்த்த தவிட்டுச் சீவல் என்று பல பெயர்களில் விற்கப்பட்டு, நம் பிள்ளைகள் காலையில் பாலில் இட்டு உண்ணும் அதே பொருள்தான். போதகருக்கு இதில் என்ன வேலை என்று கேட்பது நியாயமே. ஆனால் கடந்த இரண்டு மாதங்களில் நம் சபையின் இரண்டு வீடுகளில், ஜெபம் முடிந்து எழும்பும் வேளையில், ஒரே கேள்வியை என்னிடம் கேட்டார்கள்: "ஐயா, இதை இவங்க சாப்பிடலாமா?" அந்த இரண்டு வீடுகளிலும் நாள்பட்ட சிறுநீரக நோயாளி ஒருவர் இருக்கிறார். மருத்துவரிடம் கேட்கவேண்டியதைப் போதகரிடம் கேட்டதற்குக் காரணம் உண்டு. நானும் அவர்களைப் போன்ற ஒரு நோயாளி.

நான்கு ஆண்டுகளாக இந்த வியாதியோடு நடந்துவருகிறேன் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். நெடுங்காலமாக இருந்த இரத்த அழுத்தம் என் சிறுநீரகங்களை மெல்ல மெல்லத் தேய்த்துவிட்டது. சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்பதை இ.ஜி.எஃப்.ஆர் என்ற எண்ணால் குறிப்பார்கள். 60க்குக் கீழே மூன்று மாதங்களுக்கு மேலாக நீடித்தால் அது நாள்பட்ட நோய். 30க்குக் கீழே இறங்கினால் நான்காம் நிலை. 15க்குக் கீழே இறங்கினால் ஐந்தாம் நிலை. டயாலிசிஸ் பற்றியும் மாற்றுச் சிறுநீரகம் பற்றியும் பேச்சு எழுவது பெரும்பாலும் அப்போதுதான். என்னுடைய எண் இப்போது 27. இதை ஒளிக்கவேண்டிய காரணம் எதையும் நான் காணவில்லை. ஜெபக்குறிப்பில் "ஐயாவின் சுகத்திற்காக" என்று பொதுவாக வாசிப்பதைவிட, எண்ணைச் சொல்லி ஜெபிப்பது எனக்கு ஆறுதலாயிருக்கிறது.

வேதத்தில் சிறுநீரகம் உண்டா என்று வாலிபர் கூட்டத்தில் ஒரு தம்பி கேட்டான். உண்டு. எபிரெயத்தில் 'கெலாயோத்' என்பது சிறுநீரகங்களைக் குறிக்கும் சொல். லேவியராகமத்தில் பலிமிருகத்தின் கொழுப்போடு பலிபீடத்தின்மேல் தகனிக்கப்படும் உறுப்பாக அது வரும்போது, நம் தமிழ் வேதாகமம் அதைக் 'குண்டிக்காய்' என்கிறது. அதே சொல் மனிதனைக் குறித்துச் சங்கீதங்களில் வரும்போது 'உள்ளிந்திரியங்கள்' என்றாகிவிடுகிறது. தேவன் சோதித்தறியும் இடமாகவும், மனிதனின் ஆழ்ந்த எண்ணங்கள் உறையும் இடமாகவும் எபிரெயர் அதைக் கண்டார்கள். பதினாறாம் சங்கீதத்தில், இரவு நேரங்களில் அது தனக்குப் போதிப்பதாகத் தாவீது பாடுகிறார். இரவில் மூன்று நான்கு முறை எழுந்து நடக்கும் என்னைப் போன்ற நோயாளிகளுக்கு அந்த வசனம் சற்று வேறு விதமாகவும் புரிகிறது, தாவீது மன்னிப்பாராக.

இனி ஆகாரத்துக்கு வருவோம். சிறுநீரக நோயாளியின் உணவுப் பட்டியல், நாம் இளமை முதல் கேட்டு வளர்ந்த ஆரோக்கிய உபதேசங்களைத் தலைகீழாகப் புரட்டிவிடும். இளநீர் நல்லது, கீரை நல்லது, பருப்பு நல்லது, வாழைப்பழம் தினமும் ஒன்று நல்லது என்றுதான் நமக்குச் சொல்லப்பட்டது. அவை நல்லவைதான். ஆனால் அவற்றில் மிகுந்திருக்கும் பொட்டாசியத்தைத் தளர்ந்த சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாதபோது அது இரத்தத்தில் தங்குகிறது. அளவு மீறினால் இருதயத்தின் துடிப்பையே குலைத்துவிடும். பாஸ்பரஸ் தங்கினால் உடலெங்கும் அரிப்பு, எலும்பில் பலவீனம், இரத்தக்குழாய்களில் சுண்ணாம்புப் படிவு. நான் வியாதிப்பட்ட செய்தி பரவிய வாரத்தில் நம் தாய்மார் ஐந்து பேர் சத்துமாவு இடித்துக் கொண்டுவந்தார்கள். முளைகட்டிய பயறு, கேழ்வரகு, கம்பு, நிலக்கடலை, முந்திரி, பாதாம் என்று அதில் இல்லாதது ஒன்றுமில்லை. அந்த அன்பை நினைக்கும்போது இன்றும் கண் கலங்குகிறது. ஆனால் அந்த டப்பாக்களில் என் சிறுநீரகத்தால் தாங்கக்கூடிய அளவைவிட அதிகமான பாஸ்பரஸும் பொட்டாசியமும் இருந்தன. சர்க்கரை வேண்டாமென்று கருப்பட்டி கொடுத்து அனுப்பிய சகோதரிக்கும் இதையே சொல்லவேண்டியிருந்தது. வெல்லத்திலும் கருப்பட்டியிலும் உள்ள பொட்டாசியம் வெள்ளைச் சர்க்கரையில் இல்லை. சிறுநீரக நோயாளியின் மேசையில் வெள்ளைச் சர்க்கரை கருப்பட்டியைவிடச் சாதுவான விருந்தாளியாக அமரும் விந்தையும் உண்டு.

இந்தப் பின்னணியில்தான் சீரியல் பெட்டி நம் வீடுகளுக்குள் வருகிறது. இந்தப் பெட்டியின் கதை நோயாளிகளிடமிருந்தே தொடங்குகிறது என்பதை நம்மில் பலர் அறியோம். அமெரிக்காவின் மிச்சிகன் மாகாணத்தில் பேட்டில் கிரீக் என்னும் ஊரில், ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையார் 1866இல் ஒரு சுகவாச நிலையத்தைத் தொடங்கினார்கள். அங்கே 1876 முதல் தலைமை மருத்துவராயிருந்தவர் ஜான் ஹார்வி கெல்லாக். மாமிசம் கூடாது, காரம் கூடாது, மது கூடாது, ஆகாரம் எளிதில் செரிக்கவேண்டும் என்பது அவருடைய கொள்கை. அவர் கருத்துகளில் பலவற்றை இன்று எவரும் ஏற்பதில்லை. அது வேறு கதை. அவரும் அவருடைய தம்பி வில் கீத் கெல்லாக்கும் வேகவைத்த கோதுமையை உருளைகளுக்கிடையே அழுத்தி, வறுத்துச் சீவல்களாக்கினார்கள். அந்த முறைக்கு 1896இல் காப்புரிமை கிடைத்தது. படுக்கையில் கிடக்கும் நோயாளிக்கும் மெல்ல எளிதான, ருசி மிகாத ஓர் ஆகாரம். அவ்வளவே அவர்கள் எண்ணியது.

ருசி மிகவேண்டும் என்று விரும்பியவர் தம்பி. 1906இல் அவர் தனியாக நிறுவனம் தொடங்கிச் சோளச் சீவலில் சர்க்கரை சேர்த்தார். அண்ணனுக்கு அது பொறுக்கவில்லை. சகோதரர் இருவரும் நீதிமன்றம் வரை சென்றார்கள். கடைசிவரை மனக்கசப்பு தீரவில்லை. 1952இல் சர்க்கரை பூசிய சீவல் அதே நிறுவனத்திலிருந்து வந்தது. பிறகு சாக்லேட், தேன், வண்ணம், பெட்டிமேல் சிரிக்கும் மிருகம் எல்லாம் தொடர்ந்தன. இந்தியாவுக்கு அந்நிறுவனம் வந்தது 1994இல். நோயாளிக்காகச் சர்க்கரையின்றிப் பிறந்த உணவு, குழந்தைகளுக்காகச் சர்க்கரை பூசிக்கொண்டு உலகைச் சுற்றிவந்து, மறுபடியும் நோயாளியின் கட்டிலருகே நிற்கிறது.

நாம் அதைக் குற்றவாளியாக நிறுத்துவதற்கு முன் கிண்ணத்துக்குள் என்ன இருக்கிறதென்று பார்க்கவேண்டும். என் மனைவி ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை. கடையில் பெட்டியைத் திருப்பிப் பின்பக்கத்துச் சிறிய எழுத்துகளை வாசிக்காமல் எதையும் கூடையில் போடமாட்டாள். (கடைக்காரத் தம்பி எங்களைக் கண்டதும் நாற்காலி எடுத்துப்போட்டுவிடுவான்.) உணவியல் ஆலோசகர் சொன்னதும், என் மனைவி வாசித்ததும் சேர்ந்து நாங்கள் அறிந்துகொண்டது இதுதான்.

சர்க்கரை பூசிய வகைகள் பலவற்றில் 100 கிராமுக்கு 30 கிராமுக்கும் மேலாகச் சர்க்கரை இருக்கிறது. ஒருவேளைக்கு 30 கிராம் என்று பெட்டியில் அச்சிட்டிருப்பார்கள். அதில் ஏறத்தாழ இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரை உண்டு. வெறும் 30 கிராமோடு நிறுத்துகிறவர் எத்தனை பேர் என்பது தனிக்கேள்வி. ஒரு முறை சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள், கிண்ணத்தின் அடியில்தான் கிடக்கும். நாவுக்குத் தித்திப்பாக இருந்தாலும் அதற்குள் உப்பும் இருக்கிறது. பல வகைகளில் அந்த 30 கிராமுக்குள் 100 மில்லிகிராமுக்கு மேல் சோடியம். ஆனால் பொட்டாசியமும் பாஸ்பரஸும், தவிடு நீக்கிய வெறும் சோளச் சீவலிலும் அரிசிப் பொரியிலும் குறைவு. தவிட்டுச் சீவலில் அவை பல மடங்கு அதிகம். அதனோடு உலர்ந்த திராட்சையும் பாதாமும் சாக்லேட்டும் சேர்ந்தால் இன்னும் அதிகம். மற்றவர்களுக்கு 'சத்து நிறைந்தது' என்று பரிந்துரைக்கப்படும் பெட்டிதான் எங்களைப் போன்றவர்கள் அதிகமாக யோசிக்கவேண்டிய பெட்டி.

இதில் ஒரு நுட்பம் உண்டு. தானியத்தின் தவிட்டில் இயற்கையாகவே இருக்கும் பாஸ்பரஸில் பாதியைக்கூட நம் குடல் எடுத்துக்கொள்வதில்லை. தொழிற்சாலையில் சேர்க்கப்படும் பாஸ்பேட் உப்போ ஏறக்குறைய முழுவதுமாக இரத்தத்தில் கலந்துவிடுகிறது. சத்துப் பட்டியலில் பாஸ்பரஸின் அளவு பெரும்பாலும் அச்சிடப்படுவதில்லை. சேர்பொருட்களின் பெயர்களில்தான் தேடவேண்டும். பாஸ்பேட் என்ற சொல்லோ, 339, 340, 341, 450, 451, 452 என்ற எண்களோ தென்பட்டால் என் மனைவி பெட்டியைத் திரும்ப வைத்துவிடுவாள். இந்த எண்களை ஒரு தாளில் எழுதிப் பணப்பையில் வைத்திருக்கிறாள்.

பாலை மறந்துவிடக்கூடாது. எல்லோரும் சீவலைப் பற்றியே கேட்கிறார்கள். ஆனால் அந்தக் கிண்ணத்தில் பாரம் மிகுந்தது பெரும்பாலும் பால்தான். 200 மில்லி பாலில் சுமார் 300 மில்லிகிராம் பொட்டாசியமும் 190 மில்லிகிராம் பாஸ்பரஸும் உண்டு. ஒரு நாள் முழுவதற்கும் 800 முதல் 1000 மில்லிகிராம் பாஸ்பரஸ் என்று வரம்பு கட்டப்பட்டவருக்குக் காலையிலேயே ஐந்தில் ஒரு பங்கு தீர்ந்துபோகிறது. டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கோ பால் என்பது தண்ணீர்க் கணக்கிலும் சேரும்.

இத்தனையும் தெரிந்த பின்பும், "சாப்பிடலாமா" என்ற கேள்விக்கு ஒரே விடை கிடைக்கவில்லை. இரண்டு வீடுகளிலும் இரண்டு விடைகள் கிடைத்தன. என் வீட்டில் மூன்றாவது.

முதல் வீட்டிலிருக்கும் சகோதரர் ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர். இருபது ஆண்டுகளாக நீரிழிவு. அதன் வழியாகவே சிறுநீரகமும் பழுதடைந்தது. துபாயிலிருக்கும் மகன், அப்பாவுக்கு நல்லதென்று, தேனும் உலர்ந்த திராட்சையும் கலந்த தவிட்டுச் சீவல் பெட்டிகள் நான்கை அனுப்பியிருந்தான். சர்க்கரைக்கும் ஆகாது, பொட்டாசியத்துக்கும் ஆகாது. சர்க்கரை பூசாத கார்ன்ஃப்ளேக்ஸ்கூட நீரிழிவு உள்ளவருக்கு இரத்தச் சர்க்கரையை விரைவாக ஏற்றிவிடும். அவருடைய ஆலோசகர் சந்தேகமின்றி வேண்டாமென்றார். அவரும் இட்லிக்குத் திரும்பிவிட்டார். சாம்பாரை அளந்து, தேங்காய்ச் சட்னியைத் தொட்டுக்கொண்டு. அவருடைய துக்கம் பெட்டியைப் பற்றியதல்ல. மகன் அனுப்பியதைத் தொடாமல் வைத்திருப்பது மகனை மறுப்பதுபோல் அவருக்குப்பட்டது. காணொளி அழைப்பில் மகன் கேட்கும்போதெல்லாம் பேச்சை மாற்றினாராம். நான் சென்றிருந்த மாலையில் அவர் மகனிடம் தன் பரிசோதனைத் தாளை வரி வரியாக வாசித்துக்காட்டினார். மகன் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ என்னதான்ப்பா அனுப்பட்டும்?" என்று கேட்டான். "நீ வா" என்றார் தகப்பன். அதற்குமேல் நான் அங்கே இருப்பது முறையல்லவென்று எழுந்து வந்துவிட்டேன்.

இரண்டாம் வீட்டுத் தாயாருக்கு நீரிழிவு இல்லை. திங்கள், புதன், வெள்ளி என வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். இரத்தத்தில் கழிவு சேரும்போது வாயில் இரும்பைச் சப்பியதுபோன்ற சுவை ஏற்படும். இட்லி வாசனையே அவருக்குக் குமட்டியது. சோற்றை ஒதுக்கினார், கஞ்சியை ஒதுக்கினார். 46 கிலோ இருந்தவர் 41 கிலோவுக்கு இறங்கிவிட்டார். ஒரு காலையில் பேரன் உண்டுகொண்டிருந்த சாக்கோஸ் கிண்ணத்திலிருந்து ஒரு கரண்டி கேட்டு வாங்கி உண்டார்; பிறகு இன்னொரு கரண்டி. பல வாரங்களுக்குப் பின் அவர் தானாகக் கேட்டு உண்டது அதுதான்.

அந்த வீட்டில் அதுவே பெருங்குற்றமாயிற்று. சீக்காளிக்குச் சர்க்கரையா, சின்னப்பிள்ளைத் தீனியா என்று உறவினர்கள் மருமகளைக் கேட்டார்கள். மாமியாரின் உயிரில் அக்கறையில்லை என்றுகூட ஒருவர் சொல்லிவிட்டார். நம் சபையைச் சேர்ந்தவர் ஒருவரும் அதில் உண்டென்பதை வருத்தத்தோடு எழுதுகிறேன். அந்த மகள் அழுதுகொண்டே என்னிடம் சொன்னாள்: "ஐயா, அத்தை வாயைத் திறந்து கேட்டது இது ஒண்ணைத்தான். நான் எப்படி இல்லைன்னு சொல்ல?"

நான் அவளுக்குச் சொன்னது, ஆலோசகரிடம் பெட்டியையே கொண்டுபோய்க் காட்டு என்பதுதான். அவளும் கொண்டுபோனாள். அந்த அம்மையார் கடிந்துகொள்ளவில்லை. டயாலிசிஸ் தொடங்கியவருக்குப் பசியின்மையும் எடைக்குறைவும் சர்க்கரையைவிட ஆபத்தான எதிரிகள் என்று விளக்கினாராம். டயாலிசிஸுக்கு முன்பு புரதத்தைக் குறைக்கச் சொல்கிறவர்கள், டயாலிசிஸ் தொடங்கியபின் கூட்டச் சொல்வார்கள். ஒரே நோய், ஒரே மனுஷி, ஆனால் பட்டியல் மாறிவிடுகிறது. சாக்லேட் இல்லாத, பாஸ்பேட் சேர்க்காத இனிப்புச் சீவல் 30 கிராம். பால் 75 மில்லி மட்டும். பக்கத்தில் அவித்த முட்டை இரண்டின் வெள்ளைக்கரு. பாஸ்பரஸைக் கட்டும் மாத்திரையை அந்த ஆகாரத்தோடேயே விழுங்கவேண்டும், பிறகல்ல. வெள்ளிக்கும் திங்களுக்கும் இடைப்பட்ட நீண்ட இடைவெளியில் பாலையும் தண்ணீரையும் இன்னும் கவனித்து அளக்கவேண்டும். இவ்வாறு எழுதிக்கொடுத்தார். இரண்டு மாதங்களில் தாயாருக்கு ஒன்றரைக் கிலோ ஏறியிருக்கிறது. இப்போது கொஞ்சம் ரசஞ்சோறும் இறங்குகிறதாம்.

என் கிண்ணம் இவ்விரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. எனக்கு நீரிழிவு இல்லை, எடையும் குறையவில்லை. சர்க்கரை பூசாத சோளச் சீவல், அரைத் தேக்கரண்டிச் சர்க்கரை, 100 மில்லி பால். வாரத்தில் இரண்டு நாள். மற்ற நாட்களில் இட்லி, இடியாப்பம். அவலைப் பாலில் ஊறவைத்துச் சர்க்கரை தூவி எங்கள் பாட்டி தந்ததும் ஒருவகைச் சீரியல்தான்; பெட்டி மட்டும் இல்லை. என் அளவை நீங்கள் யாரும் எடுத்துக்கொள்ளவேண்டாம். உங்கள் இரத்தப் பரிசோதனை சொல்வதே உங்கள் அளவு.

பிரியமானவர்களே, யாத்திராகமம் பதினாறாம் அதிகாரத்தை இந்த வாரம் மறுபடியும் வாசித்தேன். வனாந்தரத்தில் பனி உலர்ந்தபின் தரைமேல் கிடந்த மன்னாவின் விவரம் நமக்கு மனப்பாடம். கொத்துமல்லி விதையைப்போல் சிறிதாகவும் வெண்மையாகவும் இருந்தது. தேன் சேர்ந்த பலகாரத்தின் ருசி அதற்கு இருந்தது. விடியற்காலத்தில் கிடைத்த, தானியம்போன்ற, இனிப்பான ஆகாரம்! நாற்பது ஆண்டுகள் தம்முடைய ஜனத்துக்குத் தேவன் கொடுத்த காலை உணவு கசப்பாக இருக்கவில்லை. இனிப்பை அவர் வெறுக்கவில்லை என்பதை நோயாளிகளாகிய நாங்கள் நன்றியோடு கவனிக்கிறோம். ஆனால் அந்த இனிப்புக்கு அவர் ஓர் அளவுபாத்திரத்தையும் சேர்த்துக் கொடுத்தார். ஆளுக்கு ஓர் ஓமர். மிகுதியாய்ச் சேர்த்தவனுக்கு அளந்தபோது மிஞ்சவில்லை. குறைவாய்ச் சேர்த்தவனுக்குக் குறையவுமில்லை. அவரவர் உண்ணத்தக்க அளவே அவரவருக்குக் கிடைத்தது. சமையலறைத் தராசில் சீவலை நிறுக்கும்போதெல்லாம், இது தண்டனையல்ல, ஓமர் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். எல்லா நாளும் அப்படிச் சொல்லமுடிகிறது என்று பொய் சொல்லமாட்டேன். கோடையில் தர்பூசணி வண்டி தெருவில் போகும்போது, எகிப்தின் கொம்மட்டிக்காய்களை நினைத்து அழுத இஸ்ரவேலரிடம் எனக்குக் கோபம் வருவதில்லை.

வேதத்தில் ஆகாரத்தைப் பற்றி வரும் எல்லாவற்றையும் எல்லோருக்கும் அளவாக்கிவிடவும் கூடாது. பருப்பு வகைகளும் தண்ணீரும் போதும் என்று நின்ற தானியேலின் முகம் களையாயிருந்தது. அதைக்கொண்டு பலர் தானியேல் உபவாசம் கைக்கொள்கிறார்கள், நல்லது. ஆனால் என்னையும் 21 நாள் அப்படியிருக்கும்படி அன்போடு வற்புறுத்திய சகோதரிக்கு, பயறும் பழமும் கொட்டைகளும் மட்டுமே உண்டால் என் பொட்டாசியம் எங்கே போய் நிற்கும் என்று விளக்கவேண்டியதாயிற்று. சிறுநீரக நோயாளிகள் எந்த உபவாசத்துக்கு முன்பும் மருத்துவரிடம் பேசுங்கள். அது அவிசுவாசமல்ல.

ரோமருக்கு எழுதின நிருபத்தின் பதினான்காம் அதிகாரத்தில், ஒருவன் எல்லாவற்றையும் உண்கிறான், இன்னொருவன் மரக்கறி மட்டும் உண்கிறான், இருவரும் ஒருவரையொருவர் குற்றப்படுத்தவேண்டாம் என்று பவுல் அப்போஸ்தலன் வேண்டிக்கொள்கிறார். அங்கே பேசப்படுவது மனச்சாட்சி. நான் பேசுவது கிரியேட்டினின். இரண்டும் ஒன்றல்லவென்று அறிவேன். ஆயினும் பந்தியில் அமர்ந்திருப்பவரின் இலையை எட்டிப்பார்க்கும் கண் ஒன்றுதான். அந்த மருமகள் மாமியாரின் கிண்ணத்தைச் சேலைத் தலைப்பில் மறைத்துக்கொண்டு உள்ளே எடுத்துச்சென்றதை நான் பார்த்தேன். ஒருவர் உண்ணும் நான்கு கரண்டிச் சீவலுக்காக ஒரு வீட்டில் அப்படி மறைக்கவேண்டிய நிலையை உண்டாக்கியது யாருடைய நாவு?

வீடு சந்திப்புகளில் எனக்குக் காபியும் முறுக்கும் வைக்கும்போது, "வேண்டாம்" என்று நான் சொன்னால் மனம் நோகாதிருங்கள். அரை டம்ளர் வெந்நீர் கொடுங்கள், மகிழ்ச்சியோடு குடிப்பேன். நோயாளிகளைப் பார்க்கச் செல்லும்போது இளநீரும் பழக்கூடையும் சத்துமாவும் கொண்டுபோவதற்கு முன், என்ன கொண்டுவரலாம் என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சிலருக்குப் பேச்சுத்துணை போதும். டயாலிசிஸ் நாளில் அவர்களை அழைத்துச் சென்று அழைத்துவர ஒரு வாகனம் கிடைத்தால், எந்தப் பழக்கூடையையும்விடப் பெரிது.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு ஆராதனை முடிந்ததும், சபை மண்டபத்தில் உணவியல் ஆலோசகர் சகோதரி ஒருவர் நம்மோடு பேச இசைந்திருக்கிறார். சிறுநீரக நோயாளிகளும், அவர்களுக்குச் சமைப்பவர்களும் தவறாமல் வாருங்கள். கடைசியாக எடுத்த இரத்தப் பரிசோதனைத் தாளைக் கொண்டுவாருங்கள். வீட்டில் சீரியல் பெட்டி இருந்தால் அதையும் கையோடு எடுத்துவாருங்கள். சிறிய எழுத்துகளை வாசிக்க என் மனைவி தன் கண்ணாடியோடு முன்வரிசையில் இருப்பாள். துபாயிலிருந்து விடுப்பில் வரும் ஒரு மகனும் அன்று தன் தகப்பனாரோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.